அடுத்த கேட்

போனை எடுத்தால் முதல் பேச்சு
எப்போதும் இதுதான்:
"மேடம், மேப் போட்டு வந்துட்டோம்,
இங்க ஏதோ மண்ணுதான் கிடக்குது."
"அது இல்ல சார்" என்பேன்.
"அது கார்ப்பரேஷன் கிரவுண்டு.
செவுத்த ஒட்டியே வாங்க,
அடுத்த கேட்."

ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது
அதை இல்லை என்று சொல்கிறேன்.

மணிக்கு ஆயிரத்து நானூறு,
சனி ஞாயிறு ஆயிரத்து எண்ணூறு.
பார்க்கிங் உண்டு, ஷவர் உண்டு.
கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டுவிட்டான் என்று
இருபது நிமிடம் கழித்து ஓடி வந்தாலும்
எட்டு அடித்ததும் விசில் ஊதிவிடுவோம்.
அண்ணா நகரிலிருந்து வருகிறார்கள்.
புல்லைக் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள்,
படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
கப்பலில் சுருட்டி வந்த புல்.
அதன் அடியில் கறுப்பு ரப்பர் குருணை;
ராத்திரி வீட்டுக்குப் போய் உதறினால்
கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த என் சாக்ஸிலிருந்தும்
கொட்டுகிறது.

செவுத்துக்கு அந்தப் பக்கம்
என் முட்டித் தோல் பேர்ந்த இடம்.

அங்கே புல் கிடையாது.
தெற்கு மூலை ஒரு ஜாண் தாழ்வு.
மழை விட்டு நாலு நாள்
கார்னர் கிக்கைத் தண்ணீரில் நின்றுதான் அடிக்க வேண்டும்.
காற்று மணலி பக்கமிருந்து வீசினால்
ரெண்டு டீமுக்கும் ஒரே இருமல்.
நடுவில் ஒன்பது குழிகள்.
தேர்தலுக்குத் தேர்தல் மேடை போட்டவர்கள்
கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு
குழியை எங்களுக்கு விட்டுப்போனார்கள்.
ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கிறது.
மைக்செட் குழி. வட்டச் செயலாளர் குழி.
எபினேசருக்கு முன்பல் போனதிலிருந்து
எபி குழி.

மைக்செட் குழியின் விளிம்பில் பட்டால்
பந்து இடப்பக்கம் ஒடியும்.
திருவொற்றியூர் கீப்பர், பெரம்பூர் கீப்பர்,
ரயில்வேக்கு ஆடிய ஒருவர்கூட
வலப்பக்கம் பாய்ந்து
வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு விழுந்திருக்கிறார்கள்.
நான் அப்படி மூன்று கோல் போட்டிருக்கிறேன்.
ஒன்று, தெரிந்தே.

இப்போது ராத்திரியிலும் அங்கே ஆட்டம்.
எங்கள் விளக்கு செவுரைத் தாண்டி விழுகிறது.
பாதி மைதானத்துக்குத்தான் எட்டும்;
பையன்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி
வெளிச்சம் இருக்கிற பாதிக்குள்
குறுக்கே நட்டுக்கொண்டார்கள்.
நாலு குழி இருட்டுக்குப் போய்விட்டது.
ஐந்து ஆட்டத்தில் இருக்கிறது.

சுதர்சன் சார் மாடியிலிருந்து ஒரு நாள் பார்த்தார்.
"கரண்டு பில்லு நாம கட்றோம்,
வெளிச்சம் ஒழுகுதே" என்றார்,
குழாயைச் சொல்வதுபோல.
எலெக்ட்ரீஷியன் மஸ்தானுக்கு நான்தான் போன் போட்டேன்.
ஏணியில் ஏறி நின்றார்,
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"நாலாவது லைட்டு ரொம்ப சாஞ்சிருக்கேம்மா,
நிமித்தணுமா?"
கேட்டது என்னையா, யாரையா, தெரியவில்லை.
"ஃபவுலுடா டேய்!" என்று மேலிருந்தே ஒரு கத்தல்.
அப்புறம் இறங்கி வந்து
நோட்டில் எழுதினார்: நாலும் சரி.
நான் முன்னூறு ரூபாய் கொடுத்து
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மெயினை இறக்குவது என் வேலை.
இறக்கியதும் செவுத்துக்கு அப்பாலிருந்து
ஒரே குரலில் ஒரு வசவு வரும்,
என் அம்மாவையும் சேர்த்து.
பேசாமல் ஷட்டரைப் பூட்டிவிட்டு
பஸ்ஸுக்கு நடப்பேன்.

இன்றைக்கு ரெண்டுக்கு ரெண்டு.
கத்தலிலிருந்து கணக்கு வைத்திருக்கிறேன்.
மணி பத்தாகி நாலு நிமிடம்.
லீவரில் கை இருக்கிறது.
யாரோ மைக்செட் குழிப் பக்கம் வெட்டி ஓடுகிறான்;
"அடிக்காத, அடிக்காத, ஓரத்துல வுடு!" என்கிறது ஒரு குரல்.
அதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி வந்துவிட்டது,
ஒன்றும் கேட்கவில்லை.

டேங்கர் டேங்கராகப் போகிறது.
முடியட்டும்.